மேட்டூர் தண்ணீரில் காற்று பார்ப்பது: செல்போனா, கண்ணா?

ஆடி மாதம் பண்ணவாடித் துறையில் நின்று பார்த்தால் மேட்டூர் நீர்த்தேக்கம் தகடு மாதிரி தெரியும். அதை நம்பிப் பரிசலில் ஏறிவிடக் கூடாது. நாம் நிற்பது மேற்குக் கரையின் மறைவில். மேகாத்து, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, தலைக்கு மேலே தாண்டி நடுத்தண்ணீரில்தான் இறங்கும். எதிர்க்கரை நாகமரையை நெருங்க நெருங்க அலை பெரிதாகும்.

எந்த நாள் போகலாம் என்று பார்க்க விண்டி (Windy) மாதிரி வானிலைச் செயலி போதும். தென்மேற்குப் பருவக்காற்றை அது ஓரளவு சரியாகவே சொல்கிறது. ஆனால் அதிலுள்ள ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மாதிரி நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்கிடும்; ஒரு கட்டமே சுமார் 9 கிலோமீட்டர். கரை மறைவு, பள்ளத்தாக்கு எல்லாம் அதற்குள் கரைந்துபோகும். சராசரி வேகத்தை விட்டுவிட்டு, திடீர் வீச்சு என்று தனியாகக் காட்டும் எண்ணைப் பாருங்கள். வேகம் மணிக்கு 15 கிலோமீட்டரிலிருந்து 30 ஆனால் காற்றின் தள்ளு விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகும். சித்திரை, வைகாசியில் வரும் இடிமழைக் காற்றுக்கு மட்டும் செயலியை நம்பவே மாட்டேன். தூரத்தில் புழுதி எழும்பி, சில்லென்று ஒரு காற்று முகத்தில் பட்டால் உடனே கரையேற வேண்டியதுதான்.

கையில் பிடிக்கும் காற்றுமானி நாம் நிற்கும் இடத்தை மட்டும் அளக்கும். மறைவான கரையிலேயே 20 காட்டினால் வீட்டுக்குத் திரும்பலாம். அந்த அளவுக்குத்தான் அது உதவும்.

என் ஓட்டு கண்ணுக்கு. பரிசல்கார அண்ணன் ஒருவரிடம், "போன்ல 14 தானுங்க காட்டுது" என்றேன். அவர் துடுப்பை நீட்டி, "நடுவுல வெள்ளை தெரியுது பாருங்க தம்பி. இன்னிக்கு வேண்டாம், நாளைக்கு விடியக்காலம் வாங்க" என்றார். அங்கங்கே வெள்ளை நுரை தெரிந்தால் காற்று 12லிருந்து 19 கிலோமீட்டர். தண்ணீர் முழுக்க நுரை என்றால் 20ஐத் தாண்டிவிட்டது. பரிசல் வட்டமானது, அடியில் பிடிமானம் இல்லை, காற்று இழுத்த பக்கம் சுற்றிக்கொண்டே போகும்.

இன்னொன்று, நீர்மட்டம். தண்ணீர் வற்றி, பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலையின் தலை வெளியே தெரியும் காலத்தில் நீர்ப்பரப்பு சுருங்கிக் கிடக்கும். அணையின் முழு மட்டமான 120 அடி நிரம்பினால் அலை ஓடி வளர இடம் அதிகம். அதே 14 கிலோமீட்டர் காற்றுக்கு அலை வேறு. செயலியில் இது வராது.

அப்புறம், நாகமரைக்குப் போகும்போது மேகாத்து முதுகில் இருக்கும், சுகமாகத் தெரியும். திரும்பும்போது முகத்தில் அடிக்கும், அதற்குள் வெயிலேறிக் காற்றும் கூடியிருக்கும். அதனால் நான் புறப்படும் நேரத்துக் காற்றை விட, திரும்பும் நேரத்துக் காற்றைத்தான் முதலில் பார்ப்பேன்.