மூன்று மில்லிமீட்டர் வயிற்றெரிச்சல்

.308 வின்செஸ்டர் தோட்டா போடும் என் ரைஃபிளின் மேகசினில், அதாவது தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியில், 72 மில்லிமீட்டருக்கு மேல் நீளமான தோட்டா நுழையாது. அதே ரைஃபிளின் குழலில், நான் வேட்டைக்கு விரும்பும் 165 கிரெய்ன் எடையுள்ள ஈய ரவை, அதாவது தோட்டாவின் முனையிலிருந்து பறந்து போகும் குண்டு, குழலின் உட்புறத் திருகுக் கோடுகளான புரிகளைத் தொட வேண்டுமானால் தோட்டாவின் நீளம் 74.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இரண்டு அளவுகளையும் முடிவு செய்தது ஒரே தொழிற்சாலைதான். மேகசின் செய்கிறவரும் குழல் குடைகிறவரும் பேச்சுவார்த்தையில் இல்லை போலிருக்கிறது.

தொழிற்சாலைத் தோட்டாவைப் பெட்டியோடு வாங்கிச் சுடுகிறவருக்கு இதில் புகார் சொல்ல ஒன்றுமில்லை. தரநிலைப்படி .308 தோட்டாவின் உச்ச நீளம் 71 மில்லிமீட்டர் சொச்சம். மேகசின் அதை ஏற்கிறது, குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் போல்ட் தள்ளுகிறது, ரவை போகிறது. பிரஸ்ஸும் டையும் தராசுமாக, தோட்டாவைத் தானே தயாரிக்கும் ரீலோடிங் மேசையில் உட்காருகிறவனுக்குத்தான் வயிறு எரியும். அவன் மாற்றிப் பார்க்கக்கூடியவை எண்ணிச் சில: எல்லாவற்றையும் தாங்கும் உலோகக் கூடு, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், வெடிமருந்தின் வகையும் எடையும், ரவை, அந்த ரவையைக் கூட்டுக்குள் எவ்வளவு ஆழத்தில் பொருத்துவது என்பது. இதில் கடைசி உரிமையை இந்த மேகசின் பிடுங்கிக்கொண்டது.

ஆழத்துக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு என்று கேட்கலாம். கூட்டின் கழுத்தை விட்டுக் கிளம்பும் ரவை, புரிகள் தன்னைக் கவ்வும்வரை பிடிமானம் இல்லாமல் ஒரு சிறு தூரத்தைத் தாவுகிறது. நேராகத் தாவினால் நல்லது. இழையளவு சாய்ந்து புரிக்குள் நுழைந்துவிட்டால், அந்தச் சாய்வோடுதான் குழல் முழுவதும் சுழன்று போகும். தாவலைப் பொருட்படுத்தாத ரவைகளும் உண்டு, ஒரு மயிரிழை மாறினாலே முறைத்துக்கொள்ளும் ரவைகளும் உண்டு. எனக்குப் பிடித்தது இரண்டாம் ஜாதி. இதையெல்லாம் ரவையின் நுனியிலிருந்து அளக்கக் கூடாது, நுனி ஒரே பெட்டிக்குள்ளேயே ஏறி இறங்கும். ரவையின் வளைவு முழு விட்டத்தை எட்டும் இடத்திலிருந்து, காலிப்பரில் அந்த இடத்தைப் பிடிக்கும் கம்பேரேட்டர் என்ற துணைக்கருவியை மாட்டி அளக்க வேண்டும். அப்படி அளந்த பிறகுதான் என் கோபம் ஆதாரமுள்ள கோபமாயிற்று.

சுடுதளத்தில் மேகசினைத் தொடாமல், நீளமாகப் பொருத்திய தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கையால் அறைக்குள் வைத்துச் சுட்டால், 100 மீட்டரில் குரூப், அதாவது தாளில் துளைகள் சிதறும் அகலம், 20 மில்லிமீட்டருக்குள் அடங்குகிறது. அதே கூடு, அதே மருந்து, அதே ரவை, மேகசினுக்குப் பொருந்தும் நீளம் என்றால் 30, 35 என்று விரிகிறது. குரூப் என்று நான் சொல்வது பத்துத் தோட்டா. மூன்று தோட்டாவைச் சுட்டுவிட்டுத் தாளைப் படம் பிடித்துக் காட்டுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

அப்படியானால் வேட்டையிலும் ஒவ்வொன்றாகவே போடலாமே என்பார்கள். அடிபட்ட விலங்கு ஓடும்போது இரண்டாவது தோட்டா உடனே மேலேற வேண்டும், பையில் துழாவிக்கொண்டிருக்க முடியாது. நீளமான தோட்டாவில் வேறு இரண்டு வம்புகளும் இருக்கின்றன. ரவை புரியைத் தொட்டபடி இருந்தால் அறைக்குள் அழுத்தம் ஏறும். அதனால் ஆழத்தை மாற்றினால் மருந்தின் அளவையும் கையேட்டின் தொடக்க அளவுக்கு இறக்கி, அங்கிருந்து படிப்படியாகப் பார்த்துத்தான் வர வேண்டும். இன்னொன்று, புரியில் இறுகிய தோட்டாவைச் சுடாமல் வெளியே எடுக்கப் போல்ட்டை இழுத்தால், கூடு மட்டும் வந்து ரவை குழலிலேயே தங்கிவிடுவதுண்டு. மருந்து முழுவதும் போல்ட் பாதையில் கொட்டும். காட்டில், மாலை வெளிச்சத்தில், யாரும் செய்ய விரும்பாத துப்புரவு அது.

உற்பத்தியாளர் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எந்தக் கடைத் தோட்டாவை, எந்த வடிவ ரவையோடு போட்டாலும் ரவை புரியில் முட்டி அழுத்தம் எகிறக் கூடாது என்பதற்காகத்தான் அறைக்கு முன்னால் இவ்வளவு வெற்றிடம் விடுகிறார்கள். .308 தோட்டாவுக்கு அமெரிக்கத் தரநிலையில் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த எண்ணை மதிக்கிறவர் செய்யும் காரியம்தான் இது. நீண்ட வெற்றிடத்துக்கே பெயர் போன வெதர்பி மேக்னம் ரைஃபிள்கள் அருமையாகச் சுடுகின்றன என்பதும் எனக்குத் தெரியும். தவிர, 1952இல் வந்த இந்தத் தோட்டாவின் பெருமையே குட்டை என்பதுதான். .30-06 தோட்டாவைவிடக் கூடு 12 மில்லிமீட்டர் குறைவு, அதனால் போல்ட் ஓடும் உடற்பகுதியான ஆக்‌ஷனும் குட்டை, எடையும் குறைவு. குட்டையை விரும்பி வாங்கிவிட்டு நீளம் போதவில்லை என்று அழுவது நியாயமா? நியாயமில்லை. ஆனால் மேகசின் பெட்டியை இன்னும் மூன்று மில்லிமீட்டர் நீளமாகச் செய்ய அந்த ஆக்‌ஷனுக்குள் இடம் இருக்கிறது, நான் அளந்து பார்த்துவிட்டேன். மேகசினின் முன்சுவரில் ஒரு பிளாஸ்டிக் கட்டையை வைத்து அந்த இடத்தை அடைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டையைப் பார்க்கும்போதெல்லாம் நியாயம் எனக்கு மறந்துபோகிறது.

ஆண்டுகள் போகப் போக இது மோசமாகத்தான் ஆகும். சூடான வாயுவால் புரிகளின் தொடக்கம் அரிக்கப்பட்டு மெல்ல முன்னால் நகர்ந்துகொண்டே போகும். .308 இந்த விஷயத்தில் சாது, குழலை ஆயிரக்கணக்கான தோட்டாக்களுக்குக் காப்பாற்றும். ஆனாலும் புதிதில் அளந்ததைவிட இடைவெளி இன்று கூடியிருக்கிறது. மேகசின் மட்டும் வளரவில்லை.

மற்றபடி? ட்ரிகர் கண்ணாடி முறிவதுபோல் விடுபடுகிறது. போல்ட் எண்ணெய் காய்ந்தாலும் ஓடுகிறது. என்னை ஒவ்வொரு பருவமும் வியக்க வைப்பது குளிர்ந்த குழலின் முதல் வேட்டுதான். மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்த பிறகும், மழையில் நனைந்து காய்ந்த பிறகும், அது சென்ற ஆண்டு விழுந்த இடத்திலேயே விழுகிறது. வேட்டைக்காரனுக்கு வேண்டியது இது ஒன்றே. மானின் மார்புக் கூட்டில் குறி வைக்கும் பரப்பு குறைந்தது 15 சென்டிமீட்டர் இருக்கும். அதற்கு 20 மில்லிமீட்டர் குரூப்பானால் என்ன, 35 ஆனால் என்ன. இதைப் பிறருக்கு நானே விளக்கியிருக்கிறேன், மிகவும் பொறுமையாக.

இன்னும் எரிச்சலான செய்தி, முழுச் செம்பு ரவைகளுக்கு இந்த ரைஃபிள் சொல்லிவைத்தாற்போல் பொருந்துகிறது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, ஆகவே அதே எடைக்கு ரவை நீளும். பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும் என் குழலின் புரி அந்த நீளத்தைத் தாராளமாகச் சமாளிக்கிறது. செம்பு ரவைகளைப் புரியிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தள்ளியே பொருத்தச் சொல்கிறார்கள், தாவினால்தான் அவை ஒழுங்காகப் போகின்றன. மேகசின் நீளத்திலேயே 25 மில்லிமீட்டர் குரூப் வருகிறது. இறைச்சியில் ஈயத் துகள் கலக்கும் கவலையும் இல்லை. ஆக என் புகாருக்கு மருந்து ரவைப் பெட்டியிலேயே இருக்கிறது. இருந்தும் அலமாரியில் கிடக்கும் ஈய ரவைகளைப் பார்த்தால் மறுபடியும் காலிப்பரை எடுக்கத் தோன்றுகிறது.

மேகசின் அமைப்பையே மாற்றலாம். ஏஐசிஎஸ் என்ற, கழற்றி மாட்டும் வகை மேகசின் பெட்டிகள் 73 மில்லிமீட்டரைத் தாண்டிய தோட்டாவையும் ஏற்கும். அதற்கு ரைஃபிளின் அடிப்பக்கத் தகட்டை மாற்ற வேண்டும், பிடிக்கட்டையைக் குடைய வேண்டும். பிறகு ரைஃபிளின் வயிற்றுக்குக் கீழே ஒரு பெட்டி துருத்திக்கொண்டு நிற்கும், சரியாக ஒற்றைக் கையால் தூக்கி நடக்கும் சமநிலை இடத்தில். எனக்கு வேண்டாம்.

இந்த மாடலின் விலையைக் குறைத்துவிட்டார்களாம், வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவரும் அண்மையில் பிரஸ் வாங்கியவர். வாங்க வேண்டாம் என்றேன். தோட்டா நிறுவனமான ஹார்னடி 2007இல் கொண்டுவந்த 6.5 க்ரீட்மோர் தோட்டாவைப் பாருங்கள், நீண்ட ரவைக்கு மேகசினில் இடம் விட வேண்டும் என்று கணக்குப் போட்டே கூட்டைக் குட்டையாக்கியிருக்கிறார்கள் என்றேன். எதை வாங்கினாலும் பிரைமரும் மருந்தும் இல்லாத டம்மித் தோட்டா ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கடைக்காரர் முகம் சுளித்தாலும் மேகசினுக்குள் போட்டுப் பாருங்கள் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியானால் உங்களுடையதை விற்றுவிடப் போகிறீர்களா என்றார். இந்தப் பருவத்துக்கு ஸ்கோப்பைக் குறிக்குச் சரிசெய்து ஸீரோ செய்தாகிவிட்டது, இப்போது மாற்ற முடியாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.