ஒட்டுண்ணி அட்டை: சில போகம் கட்டிப் பார்த்த பிறகு

நெல்லுக்கு முட்டை ஒட்டுண்ணி அட்டை வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். பயிர்ப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அதை அழிக்கும் குட்டிக் குளவிகளை வயலில் விடுவதற்கான காகித அட்டை அது. ஏக்கருக்கு 2 சிசி (கன சென்டிமீட்டர்) முட்டை, தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சிக்கு நட்ட 30, 37ஆம் நாள் டிரைக்கோகிரம்மா ஜப்பானிகம் என்ற குளவி, இலைச்சுருட்டுப் புழுவுக்கு அதே டிரைக்கோகிரம்மாவில் கைலோனிஸ் என்ற வகை என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் கோபமெல்லாம் தேதி மேல்தான். அட்டையில் ஒட்டியிருப்பவை அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள். உள்ளே குளவி வளர வளர அவை கறுத்துவிடும். 7 முதல் 10 நாளுக்குள் குளவி வெளியே வந்துவிடும். அதற்கு முன்பே அட்டை வயலுக்குப் போயாக வேண்டும். நான் வாங்கும் இடத்திலோ பொரிக்கும் நாளை எழுதித் தருவதே இல்லை. சில சமயம் உறையைப் பிரிக்கும்போதே அரை மில்லிமீட்டர் குளவிகள் உள்ளே செத்துக் கிடக்கும். சில சமயம் கட்டி நாளாகியும் பொரிக்காமல் எறும்பு தின்றுவிடும். ஒரு தேதி எழுத எவ்வளவு நேரமாகும்? கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

நியாயமாகச் சொன்னால், சரியான நாளில் கிடைத்த அட்டை வேலை செய்தது. அட்டையை இலையின் அடிப்பக்கம் குத்திவிட்டு மருந்து அடிக்காமல் விட்ட வயலில் இலைச்சுருட்டு நன்றாகவே அடங்கியது. குருத்துப்பூச்சியில் அவ்வளவு திருப்தி இல்லை. மஞ்சள் குருத்துப்பூச்சி முட்டைகளை அடுக்கடுக்காக இட்டு, தன் வயிற்று ரோமத்தால் மூடிவிடுகிறது. டிரைக்கோகிரம்மாவுக்கு மேலடுக்குதான் எட்டும்.

அந்த முட்டைக் குவியல் ஒன்றை இலையோடு கிள்ளி, கண்ணாடிக் குழாயில் போட்டுப் பஞ்சடைத்து வைத்தேன். சில குருத்துப்பூச்சிப் புழுக்கள் வந்தன. அப்புறம், நான் வாங்கவே வாங்காத குளவிகள்! பச்சையாக மினுங்கியது டெட்ராஸ்டிகஸ். அதன் ஒரு புழு வளர்ந்து முடிப்பதற்குள் பல முட்டைகளைத் தின்றுவிடும். கறுப்பாக இருந்தது டெலினோமஸ். இது தாய் அந்துப்பூச்சியின் வால்பக்க ரோமத்தைப் பிடித்துத் தொற்றிக்கொண்டே போய், அது முட்டையிட இட, ரோமம் மூடுவதற்குள் தன் முட்டையை வைத்துவிடுகிறது. எனக்கு அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. புகையான் பூச்சியின் முட்டைக்கு அனாக்ரஸ், ஆனைக்கொம்பன் ஈக்குப் பிளாட்டிகாஸ்டர் என்று வயலிலேயே இன்னும் ஒட்டுண்ணிக் குளவிகள் இருக்கின்றன. இலைச்சுருட்டைப் பார்த்துப் பதறி நாம் முதல் மாதமே அடிக்கும் மருந்தில் முதலில் சாவது இவைதான். அந்தப் பருவத்தில் கிழிந்த இலையைப் பயிர் தானே ஈடுகட்டிக்கொள்ளும்.

அட்டை நல்ல பொருள்தான், சந்தேகமில்லை. ஆனாலும் இந்தப் போகத்துக்கு நான் வாங்கப்போவதில்லை. உங்களுக்குத் தருபவர் பொரிக்கும் தேதியை எழுதித் தந்தால் தாராளமாக வாங்குங்கள். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நட்ட முதல் 40 நாள் இலைச்சுருட்டுக்கென்று மருந்து எடுக்காதீர்கள்.