ஃபைபர் மோடத்தில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால் யாரிடமும் ரவுட்டர் வாங்காதீர்கள்

பினாங்கு, ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் தனியாக இருக்கும் என் அத்தையின் வீட்டில் சென்ற மாதம் இணையம் நின்றுபோனது. கணினிக் கடையிலிருந்து வந்த ஒருவர், "மோடம் எரிஞ்சு போச்சு ஆன்ட்டி, மாத்தித்தான் ஆகணும்" என்று சொல்லி, 380 ரிங்கிட் பெற்றுக்கொண்டு புதிய பெட்டி ஒன்றைப் பொருத்தினார். இணையம் வரவில்லை. மறுநாள் வந்துவிடும் என்று சொல்லிப் போனவர், பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை.

அவர் விற்றது மோடமே அல்ல, ரவுட்டர். ஃபைபர் இணைப்பில், சுவரிலிருந்து வரும் மெல்லிய கண்ணாடி இழை ஓ.என்.யூ. என்னும் பெட்டிக்குள் நுழைகிறது. நாம் மோடம் என்று சொல்வது இதைத்தான். ஒளியாக வரும் தரவை மின்சமிக்ஞையாக்குவதும், நாம் அனுப்புவதை மீண்டும் ஒளியாக்குவதும் அதன் வேலை. பழைய ஸ்ட்ரீமிக்ஸ் இணையச் சேவைக் காலத்து மோடம் இதை ஒத்த வேலையைத் தொலைபேசியின் செம்புக் கம்பியில், குரலுக்கு மேற்பட்ட அதிர்வெண்களில் செய்தது. ரவுட்டரோ வந்து சேர்ந்த இணைப்பை வீட்டிலுள்ள கருவிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது, அவ்வளவுதான். இரண்டும் ஒரே பெட்டியாக வருவதும் உண்டு.

அத்தையின் ஓ.என்.யூ.வில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஒளி வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள்: இழை அறுந்திருக்கலாம், முனை கழன்றிருக்கலாம், அல்லது கூர்மையாக மடங்கிய இடத்தில் ஒளி வெளியே கசிந்திருக்கலாம். தொழில் தெரிந்தவர் முதலில் மீட்டரை வைத்து ஒளியின் அளவைப் பார்ப்பார். இவரிடம் மீட்டரே இல்லை. புதிய ரவுட்டரில் இணைப்புக்குரிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும்கூட அவர் பதியவில்லை. வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் மாட்டிய பெட்டி என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பின்னர் சேவை நிறுவனத்தின் ஊழியர் வந்து, அலமாரிக்குப் பின்னால் நசுங்கியிருந்த இழையை வெட்டிப் புது முனை பொருத்தியதும், எரிந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட அதே ஓ.என்.யூ. பச்சை விளக்கோடு இயங்கியது. அதற்குக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் நிறுவனம் கொடுத்திருந்த பழைய ரவுட்டரைக் கடைக்காரர் எடுத்துச் சென்றுவிட்டதால், அதற்கும் அத்தை பதில் சொல்ல வேண்டியதாயிற்று. வயதானவரிடம் இப்படி நடந்துகொண்டதை என்னால் பொறுக்க முடியவில்லை.

சிவப்பு விளக்கைக் கண்டால் முதலில் சேவை நிறுவனத்தை அழையுங்கள். அவர்கள் கொடுத்த எந்தப் பெட்டியையும் வெளியாளிடம் ஒப்படைக்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனுச் செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. அந்த ஆள் ரசீது தரவில்லை என்றாலும் பணம் வங்கி வழியாகப் போயிருப்பதால், அந்தச் சான்றை இணைத்து அத்தையின் மனுவைத் தயாரித்து வருகிறோம்.