சர்வைவல் வளைவா, கண்ட்ரோல் சார்ட்டா?

ஒரு அறுவை சிகிச்சைப் பிரிவு போன வருடத்தைவிட நன்றாகச் செய்கிறதா, சறுக்குகிறதா? புள்ளியியல்காரர்களிடம் கேட்டால் ஒருவர் சர்வைவல் வளைவு (ஆபரேஷனுக்குப் பின் நாளாக ஆக எத்தனை சதவீதம் பேர் பிரச்சினையில்லாமல் இருக்கிறார்கள் என்று காட்டும் கோடு) போடு என்பார், இன்னொருவர் கண்ட்ரோல் சார்ட் (முடிவுகளை நடந்த வரிசையில் குறித்து, வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கும் படம்) போடு என்பார். இரண்டிலும் கீழ் அச்சில் ‘காலம்’ என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் அது ஒரே காலம் இல்லை. முக்கால்வாசிக் குழப்பம் அங்கேதான்.

சர்வைவல் வளைவில் ஆளுக்கொரு கடிகாரம், ஆபரேஷன் நாள்தான் பூஜ்யம்; கண்ட்ரோல் சார்ட்டில் ஓடுவது எல்லாருக்கும் பொதுவான நாட்காட்டி. சர்வைவல் வளைவின் பலம், இன்னும் முழுக்காலம் பார்க்க முடியாதவர்களின் பாதியில் நிற்கும் கணக்கைச் சமாளிப்பது. செயற்கை இடுப்பு மூட்டு பொருத்திய பத்துப் பேர் என்று வையுங்கள். முதல் வருடத்தில் ஒருவருக்கு மூட்டு பழுது, மிச்சம் 9/10. மூன்று பேர் சமீபத்தில் வந்தவர்கள், ஒன்றரை வருடக் கணக்குதான் இருக்கிறது. மீதி ஆறு பேரில் இரண்டாம் வருட முடிவில் ஒருவருக்குப் பழுது, 5/6. பெருக்கினால் 75%. அந்த மூன்று பேரையும் மூட்டு பழுதாகாதவர்கள் கணக்கில் சேர்த்தால் 80%, தூக்கி எறிந்தால் 71%, இரண்டும் தப்பு. புள்ளியியல்காரர்கள் கப்லானும் மையரும் 1958இல் சொன்னது இந்தப் பெருக்கலைத்தான். டெப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். என்ற செயற்கை இடுப்பு மூட்டு 2010இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டதே, அந்த மாதிரிச் சிக்கல் ஆபரேஷனுக்குப் பின் முப்பது நாளுக்குள் நடக்கும் இறப்புக் கணக்கில் தலைகாட்டவே காட்டாது. வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த பதிவேடுகளில்தான் தெரியும்.

ஆனால் எந்த ஆபரேஷன் முதலில், எது பிறகு என்ற வரிசை இந்த வளைவில் கரைந்துவிடுகிறது. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் சர்ஜன் மார்க் டி லெவால், இதயத்தின் பெருந்தமனிகள் இடம் மாறிப் பிறந்த பச்சிளங்குழந்தைகளுக்குத் தான் செய்த 104 ஆபரேஷன்களை 1994இல் அலசி எழுதினார். ஆரம்பம் நன்றாகப் போய், நடுவில் இறப்புகள் கொத்தாக வந்திருந்தன. எல்லாரையும் ஒரே வளைவில் போட்டிருந்தால் அந்தக் கொத்து சராசரிக்குள் மறைந்திருக்கும். அவர் நல்ல முடிவுகள் இருந்த வேறொரு மையத்துக்குப் போய் மறுபடி கற்றுக்கொண்டு வந்தார். மூத்த சர்ஜன் ஒருவர் தன் கணக்கைத் தானே இப்படி வெளியில் வைப்பது அபூர்வம்.

சரி, அப்போ கண்ட்ரோல் சார்ட்டா? ஷூஹார்ட் 1924இல் தொழிற்சாலைக்காக வரைந்த மூன்று சிக்மா சார்ட்டை (சராசரியிலிருந்து மூன்று திட்டவிலக்கத் தொலைவில் வரம்பு போடுவது) அப்படியே கொண்டுவந்தால் ஏமாற்றம்தான். மாதம் 20 ஆபரேஷன், வழக்கமான இறப்பு 5% என்றால் மேல்வரம்பு 3.9 வரும், ஒரே மாதத்தில் நாலு பேர் இறந்தால்தான் மணி அடிக்கும். மூன்று, இரண்டு, மூன்று என்று மாதாமாதம் போனால் சார்ட் வாயே திறக்காது. பேஜ் 1954இல் கொண்டுவந்த க்யூசம் (ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு புள்ளி கொடுத்துக் கூட்டிக்கொண்டே போகும் கண்ட்ரோல் சார்ட்) இங்கே பல மடங்கு மேல். 5% இறப்பு 10% ஆகிவிட்டதா என்று பார்க்க, இறப்புக்கு 0.69 கூட்டு, பிழைத்தவருக்கு 0.054 கழி, பூஜ்யத்துக்குக் கீழே விடாதே, தொகை முன்பே வைத்த வரம்பைத் தொட்டால் எச்சரிக்கை. ஒரு இறப்பை ஈடுகட்ட 13 பேர் பிழைக்க வேண்டும். நோயாளிகளின் நிலை ஆளுக்கு ஆள் மாறுவதால் ஆபத்துக்கேற்ப இந்த எடைகளைத் திருத்தியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சிக்கலான கேஸ்களை எடுக்கிற சர்ஜன்தான் மாட்டுவார்.

க்யூசத்தின் வலி வேறு: முடிவு தெரியும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு வருடப் பிழைப்பைக் கண்காணித்தால் இன்று நடக்கிற தவறு அடுத்த வருடம்தான் சார்ட்டில் ஏறும். இதற்கு 2008இல் பிஸ்வாஸும் கால்ப்ஃப்ளைஷும் காக்ஸ் மாதிரியின்மேல் (காலப்போக்கில் ஆளுக்கு ஆள் மாறும் ஆபத்தைக் கணக்கிடும் சர்வைவல் முறை) க்யூசத்தை ஏற்றி, ஒரு இறப்பு நடந்த அன்றே கோடு நகரும்படி செய்தார்கள். என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் பின்தொடர் தகவல் உடனுக்குடன் வந்துகொண்டே இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பைல் வருகிற இடத்தில் இது வெறும் அலங்காரம். கையில் எக்ஸெல் மட்டும்தான் என்றால், முப்பது நாள் முடிவுக்குச் சாதாரண க்யூசம் ஒன்றை இன்றே தொடங்கிவிட்டு, அப்புறம் ஆபரேஷன் நடந்த வருடவாரியாகப் பிரித்துச் சர்வைவல் வளைவுகள் போடுங்கள், எல்லாரையும் ஒரே கோட்டில் அடைக்காமல்.