சாரல் காலத்தில் ஒரு கேபினெட் சா: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

திசையன்விளையில் இருக்கும் அண்ணாச்சி ஒருவர், பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டுக் கொட்டகையில் மரவேலை தொடங்கியிருப்பவர், அண்மையில் தொலைபேசியில் கேட்டார்: “தம்பி, நானும் ஒரு கேபினெட் சா வாங்கிப் போடலாம்னு இருக்கேன். உம்ம மிஷின் எப்படி ஓடுது? வாங்கலாமா வேண்டாமா, வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா சொல்லும்.” அப்படிச் சொல்லிவிட முடியாததால் விரிவாகவே எழுதுகிறேன். கேபினெட் சா என்பது மோட்டாரை உள்ளே அடைத்த இரும்புப் பெட்டிமேல் வார்ப்பிரும்பு மேசை நிற்கும் கனமான மேசை ரம்பம். 10 அங்குல பிளேடு, 3 குதிரைத்திறன் மோட்டார், அடைத்த இரும்புப் பெட்டி என்பவையெல்லாம் அவருக்கும் தெரியும், இதைப் படிக்கும் உங்களுக்கும் தெரியும். விலைப்பட்டியலில் எங்குமே அச்சிடாத ஒன்றைத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அது துரு.

இயந்திரத்துக்கு உரிய பாராட்டை முதலில் கொடுத்துவிடுகிறேன். விலை குறைந்த டேபிள் சாக்களில் பிளேடையும் மோட்டாரையும் தாங்கும் டிரனியன் மேசைப் பலகையின் அடியிலேயே தொங்கும். பிளேடு மேசையின் காடிக்கு (அறுப்புக்கு வழிகாட்டும் நீண்ட பள்ளத்துக்கு) இணையாக இல்லை என்றால், குனிந்து, அடியில் போல்ட்டுகளைத் தளர்த்தி, அத்தனை பாரத்தையும் தட்டித் தட்டி நகர்த்த வேண்டும். கேபினெட் சாவில் டிரனியன் பெட்டியின் மீது உட்கார்ந்திருக்கிறது. மேசையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி மேசையை மட்டும் நகர்த்தினால் போதும். இவ்வகைக்கு முன்னோடியான டெல்டா யூனிசா 1939இல் அமெரிக்காவில் வந்தது. அடிப்படை அமைப்பு இன்றும் ஏறக்குறைய அதுதான். காடியில் நுண்ணிய விலகலை அளக்கும் முள் கருவியான டயல் கேஜை நிறுத்தி, பிளேடின் ஒரு பல்லில் அடையாளமிட்டு, அதே பல்லை முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தால், என் இயந்திரத்தில் வேறுபாடு 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்கிறது. நிறுவிய காலத்தில் சரிசெய்தது. செங்கோட்டை மில்களிலிருந்து வரும் பழைய தேக்கு உத்தரங்களை ஏற்றி இறக்கிய பின்னும் அது அசையவில்லை.

இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையின் பயனை அறுக்கும்போதுதான் உணர முடியும். சாம்பல்நிற வார்ப்பிரும்பில் கிராஃபைட் படலங்களாகக் கலந்திருப்பதால் அதிர்வை அது தன்னுள்ளேயே அடக்கிக்கொள்கிறது. பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயத்தை மேசைமீது விளிம்பில் நிறுத்திவிட்டு மோட்டாரை இயக்கினால், பிளேடு முழு வேகத்துக்கு வரும் வரை அது விழுவதில்லை. 24 பல் பிளேடைப் போட்டு இரண்டு அங்குலத் தேக்கை நெடுக அறுத்தால், அறுத்த முகத்தில் இழைப்புளியை ஒன்றிரண்டு முறை ஓட்டிவிட்டுப் பசை போட்டு ஒட்டிவிடலாம். கைவாளும் கையில் பிடிக்கும் சர்க்குலர் சாவும் வைத்து வேலை செய்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று விளக்க வேண்டியதில்லை.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக: மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட் 180க்கு இறங்கினால் விசை ஏறத்தாழ 61 விழுக்காடாகிவிடும். மின்னழுத்தம் இறங்கும் மாலை நேரங்களில் தடித்த பலகையை அறுக்காமல் இருப்பது நல்லது. தொடங்கும் கணத்தில் மோட்டார் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுப்பதால், மிகை மின்னோட்டத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. பி வகையாக இருந்தால் அடிக்கடி விழும், சி அல்லது டி வகையைத் தனிக் கம்பியுடன் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கொண்டு போட்டுக்கொள்ளுங்கள். அத்துடன் அந்தக் கதை முடிந்துவிடும். துருவின் கதை முடிவதில்லை.

நான் இருப்பது இலஞ்சியில். ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கும்போது, குற்றாலத்துக்கு வருகிறவர்கள் ஆசைப்படுகிற சாரல் எங்கள் கொட்டகைக்குள்ளும் வந்துவிடுகிறது. மழையாக விழுந்தால் கூரை தடுத்துவிடும். சாரல் நுண்துளியாகக் காற்றோடு மிதந்து வருவதால் கதவிடுக்கு, ஓட்டு இடைவெளி, சன்னல் சட்டம் என்று எதையும் விடாது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தாண்டினாலே மூடாத இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். இங்கே பல நாட்களில் அது 90ஐத் தொட்டு நிற்கிறது. 26 டிகிரி வெப்பத்தில் 90 விழுக்காடு ஈரம் இருந்தால், இரும்பு காற்றைவிட இரண்டே டிகிரி குளிர்ந்திருந்தாலும் அதன்மேல் பனி படிந்துவிடும். இந்தப் பருமனான வார்ப்பிரும்போ இரவு முழுவதும் குளிர்ந்து, காலையில் காற்று வெதுவெதுப்பான பிறகும் நெடுநேரம் குளிர்ச்சி விடாமல் இருக்கும். எந்த எடையைச் சற்று முன் புகழ்ந்தேனோ அதே எடைதான் பனியை அழைக்கிறது. காலையில் கொட்டகையைத் திறந்து சாய்வாக வெளிச்சம் விழும்படி பார்த்தால், மேசை முழுவதும் கேழ்வரகைச் சிதறியது போலச் செம்பழுப்புப் புள்ளிகள். முந்தைய நாள் உள்ளங்கை ஊன்றிய இடத்தில் ஐந்து விரல்களும் துருவில் பதிந்திருக்கும், ஏனென்றால் வியர்வையில் உப்பு இருக்கிறது.

துருவைவிடக் கொடியது கறை. ஒருமுறை, புதிதாக அறுத்து முழுதாகக் காயாத வேங்கைப் பலகை ஒன்று இரவு முழுவதும் மேசைமேல் கிடந்தது. வேங்கையில் துவர்ப்புச் சத்து மிகுதி. ஈரத்தில் அது இரும்போடு சேர்ந்து கருநீலமாக மாறிவிடும். காலையில் பலகையைத் தூக்கியபோது அதன் நீளம், அகலம், ஓரத்திலிருந்த சிறு பிளவு வரை அத்தனையும் மேசையில் கறுப்பாக அச்சாகியிருந்தன. பலகையின் அடிப்பக்கமும் அதே அளவுக்குக் கறுத்துவிட்டது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் பலகையிலிருந்த கறையைப் பெரும்பாலும் எடுத்துவிட்டது. மேசையிலிருந்த நிழலை உப்புத்தாளால் தேய்த்து மங்கச் செய்ய முடிந்ததே தவிர அழிக்க முடியவில்லை. கருவேலமும் இதே வேலையைச் செய்யும். கருவேல உருப்படிகளை அறுப்பவர்கள் கவனிக்கவும்.

இதற்கு என்ன செய்வது என்று விற்றவர்களிடம் கேட்டபோது, “எண்ணெய் தடவி வையுங்கள்” என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பதிலை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. இத்தனை விலை கொடுத்து வாங்குகிறவருக்கு அது பதிலே அல்ல. இயந்திர எண்ணெய் பலகையில் ஏறி, பின்னால் பாலிஷ் பிடிக்காமல் செய்யும். தேங்காய் எண்ணெய் மேசையிலேயே தங்கி மரத்தூளை இழுத்து வைத்துக்கொள்ளும். தூள் ஈரத்தைக் குடித்து மீண்டும் இரும்புக்கே ஊட்டும். கார்களுக்குத் தேய்க்கும் மெழுகில் பெரும்பாலும் சிலிக்கோன் இருக்கும். அது மரத்தில் துளி பட்டாலும் பாலிஷ் அந்த இடத்தில் குழிகுழியாக விலகி நிற்கும்.

எனக்குப் பயன்பட்டது இதுதான். மார்த்தாண்டத்துத் தேனீ வளர்ப்போரிடம் தேன்மெழுகு கிடைக்கிறது. அதை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் உருக்கி, அடுப்பை முற்றிலும் அணைத்து, பாத்திரத்தை வெளியே எடுத்துச் சென்ற பிறகே டர்பன்டைன் கலக்க வேண்டும். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். ஆறினால் களிம்பாகிவிடும். மேசையை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, புள்ளிகளை நுண்ணிய நாரால் தேய்த்து, மறுபடி உலரத் துடைத்துவிட்டு, களிம்பை மிக மெல்லியதாகத் தடவி, மங்கலாகக் காய்ந்ததும் பருத்தித் துணியால் பளபளக்கத் தேய்க்க வேண்டும். பலகை வழுக்கிக்கொண்டு போகும். பலகையை அணைத்துத் தள்ளும் தடுப்புச் சட்டமான ஃபென்ஸும் ஒரு விரலால் தள்ளினால் நகரும். அந்த ஒரு மணி நேரத்தில் இந்த இயந்திரத்தின் மேல் எனக்கு இருக்கும் பிரியம் வேறு எப்போதும் இருப்பதில்லை. ஆனால் கடுஞ்சாரலில் அது ஒரு வாரம் தாங்கினால் பெரிது. பாய், போர்வை, பிளாஸ்டிக் விரிப்பு ஆகியவற்றால் மூடுவது பாதுகாப்பு போலத் தோன்றினாலும், ஈரத்தை அடியிலேயே சிறைவைத்துவிடும். பெட்டிக்குள் ஒரு சிறிய குண்டு விளக்கை எரியவிட்டு இரும்பை வெதுவெதுப்பாக வைப்பது உண்மையிலேயே பலன் தரும் உத்தி. ஆனால் உள்ளே மரத்தூள் குவிந்திருக்கும் பெட்டியில் சூடான விளக்கு தீக்கு அழைப்பாகும். ஒவ்வொரு முறையும் தூளை முற்றிலும் உறிஞ்சி எடுக்கத் தயாராக இல்லாதவர்கள் அதைச் செய்யவே கூடாது.

மேசையாவது கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே நடப்பதுதான் இப்போது என்னைச் செலவில் விட்டது. 100 மில்லிமீட்டர் குழாயில் தூள் உறிஞ்சியை இணைத்திருந்தாலும், பிளேடைச் சாய்க்கும் பல்சக்கரங்களின் மேல் ஒரு படலம் எப்போதும் தங்குகிறது. சாரலில் அந்தப் படலம் நனைந்து, இறுகி, அடியில் துருவோடு ஒட்டிக்கொண்டது. இந்த ஆடியில் கைச்சக்கரம் முப்பது டிகிரிக்கு மேல் திரும்பவே மறுத்துவிட்டது. தென்காசியிலிருந்து வந்த மெக்கானிக் மேசையைக் கழற்றி, பித்தளைத் தூரிகையால் பல் பல்லாகச் சுரண்டி எடுத்தார். அடைந்திருந்த தூள் கையில் எடுத்தால் உதிராமல் கட்டியாகவே வந்தது. கிரீஸ் போடாதீர்கள் என்று அவர் சொன்னது சரியான யோசனை. கிரீஸும் தூளைப் பிடித்து வைக்கும் என்பதால், கிராஃபைட் பொடியும் மெழுகும் மட்டுமே இப்போது அங்கே இருக்கின்றன.

பாதுகாப்பைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சாரல் காலத்தில் அறுக்கும் மரம் ஈரத்தைக் குடித்து உள்ளிறுக்கத்தோடு இருக்கும். அறுக்க அறுக்க வெட்டு மூடிக்கொண்டு பிளேடின் பின்பாதியைக் கவ்வும். அப்போது மேலெழும் பற்கள் பலகையைத் தூக்கி நம்மீதே எறியும். வெட்டு மூடாமல் தடுக்க பிளேடின் பின்னால் நின்று, அதோடு சேர்ந்து ஏறி இறங்கும் தகடான ரைவிங் நைஃப் இல்லாத இயந்திரத்தை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். விரல் பட்டால் 5 மில்லி நொடிக்குள் பிளேடை நிறுத்தும் சாஸ்டாப் வகை 2004இலிருந்து விற்பனையில் இருக்கிறது. அந்த யோசனையை நான் பெரிதும் மதிக்கிறேன். எனினும் அது உடலின் மின்கடத்தலை உணர்ந்து வேலை செய்வதால், மிகவும் ஈரமான மரமும் அதை இயக்கிவிடக்கூடும். ஒவ்வொரு முறையும் அலுமினிய பிரேக் பெட்டியை மாற்ற வேண்டும், பிளேடும் பெரும்பாலும் பாழாகிவிடும். எங்கள் ஊர் ஆடியில் ஈர மரத்தை அதில் வைக்க நான் துணிய மாட்டேன்.

இனி அண்ணாச்சிக்கு என் பதில். இதே இயந்திரம் பாளையங்கோட்டையில் இருந்திருந்தால், ஆனி ஆடியில் அங்கே வீசும் வறண்ட அனல் காற்றில் மேசை கண்ணாடிபோல இருந்திருக்கும். ஐப்பசி கார்த்திகையில் மட்டும் கவனித்தால் போதும். அங்குள்ளவர்களுக்கு நான் தயங்காமல் வாங்கச் சொல்வேன். உங்கள் பக்கம் சாரல் இல்லை, ஆனால் உவரிக் கடற்காற்று இருக்கிறது. அந்தக் காற்றிலுள்ள உப்பு இரும்பின்மேல் படிந்து, ஈரப்பதம் குறைவான நாளிலும் நீரை இழுத்துப் பிடித்து வைக்கும். சாரலில் எனக்கு மூன்று நான்கு மாதம் நடப்பது உங்களுக்கு ஆண்டு முழுவதும் நடக்கும்.

ஆகவே வாங்க வேண்டாம். அறுப்பின் நேர்த்தியையும் அசையாத மேசையையும் இவ்வளவு புகழ்ந்த பிறகு இப்படி எழுதுவது எனக்கே கசக்கிறது. தை மாதத்தில் கேட்டிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன் என்றும் தோன்றுகிறது. ஆனால் உங்களுக்குத் தை மாதத்திலும் கடல் அங்கேயேதான் இருக்கும். அலுமினிய மேசையும் ரைவிங் நைஃபும் உள்ள ஜாப்சைட் சா (தூக்கிச் செல்லக்கூடிய சிறிய மேசை ரம்பம்) ஒன்றை வாங்குங்கள். சத்தம் அதிகம், அதிர்வு அதிகம், தடித்த வேங்கையை மெதுவாகத்தான் தள்ள வேண்டும். ஆனால் வேலை முடிந்ததும் தூக்கி உள்ளறையில் வைத்துப் பூட்டிவிடலாம். மேசையைத் தேய்ப்பதில் போகும் விடியற்காலைகள் மரத்துக்குக் கிடைக்கும்.

இதையும் மீறி வாங்குவதென்று முடிவெடுத்தால், மெழுகை இயந்திரத்துக்கு முன்பாக வாங்கி வையுங்கள். புதிய மேசையின்மேல் கெட்டியான கிரீஸ் பூசி அனுப்பியிருப்பார்கள். அதை மண்ணெண்ணெயால் துடைத்தெடுத்த அன்றே, மேசையையும் நீட்டிப் பலகைகளையும் காடியின் உட்பக்கத்தையும் பிளேடு மாட்டும் அச்சையும் விடாமல் மெழுகிட்டுவிடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மறுநாள் காலையில் நீங்கள் முதலில் கையில் எடுப்பது உப்புத்தாளாகத்தான் இருக்கும்.