வளர்ச்சிப் பொருளியல் முதுகலை: படித்து ஏழு வருடம் கழித்து

திருப்பூரிலிருந்து மான்செஸ்டருக்குப் படிக்கப் போகிறேன் என்றதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "அங்க இன்னும் மில்லு ஓடுதா?" என்பதுதான். ஓடவில்லை. அன்கோட்ஸ் பகுதியின் பழைய நூற்பாலைகள் அடுக்குமாடி வீடுகளாகிவிட்டன. அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் மட்டும் பழைய பஞ்சாலை இயந்திரங்களைப் பார்வையாளர்களுக்காக ஓட்டிக் காட்டுவார்கள். அந்த இரைச்சலும், எண்ணெயும் பஞ்சும் கலந்த வாடையும் வந்ததும், அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன கம்பெனி வாசலில் நிற்பது போலவே இருந்தது எனக்கு.

2017 செப்டம்பரில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஒரு வருடத்தில் வளர்ச்சிப் பொருளியலும் கொள்கையும் என்ற எம்.எஸ்சி. முடித்தேன். ஏழை நாடுகளில் வறுமை, வேலை, வருமானம் எல்லாம் எப்படி மாறுகின்றன என்று பார்க்கும் படிப்பு. அதற்குப் பிறகு இன்றுவரை தமிழ்நாட்டு மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பதும், திட்டங்கள் பலன் தந்தனவா என்று மதிப்பிடுவதும்தான் வேலை. இந்தப் படிப்புக்குப் போகலாமா அக்கா என்று மாதத்துக்கு ஒருவராவது போன் செய்கிறார்கள். படிப்பில் எது இன்னும் கைகொடுக்கிறது, எது கூட வரவில்லை என்று விவரமாக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

பிரிட்டனில் முதுகலை என்றால் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்று கணக்கு. 120 கிரெடிட் வகுப்புப் பாடம், 60 கிரெடிட் ஆய்வேடு. இந்தியாவில் இரண்டு வருடம் படிப்பதை அங்கே பன்னிரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும். மழையும் குளிரும் பழகுவதற்குள் முதல் பருவத் தேர்வு வந்துவிடும்.

எங்கள் வகுப்புகள் பலவும் நடந்த கட்டடத்தின் பெயர் ஆர்தர் லூயிஸ் கட்டடம். பொருளியலாளரான லூயிஸ், கரீபியக் கடலின் செயின்ட் லூசியா தீவில் பிறந்தவர். பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியரான முதல் கறுப்பினத்தவர். 1979இல் நோபல் பரிசு பெற்றார். மான்செஸ்டரில் இருந்தபோதுதான், 1954இல், வளர்ச்சிப் பொருளியலுக்கே அடித்தளமான கட்டுரையை எழுதினார். கிராமத்தில் தேவைக்கு மேல் ஆள் இருக்கும்வரை, தொழிற்சாலைகள் எத்தனை பேரை எடுத்தாலும் கூலி ஏறாது என்பதுதான் சாரம். வரைபடத்தில் கூலிக்கோடு படுத்த கோடாக நீளமாகப் போகும். உபரி ஆள் தீர்ந்த பிறகுதான் நிமிரும்.

அந்தக் கோட்டைப் பலகையில் வரைந்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்பா பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர், அதாவது மோட்டார் தையல் மெஷினில் தைப்பவர். கூலி ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் பேச்சுவார்த்தை நடக்கும், பேசிய சதவீதம் முழுசாக வராது, "வேற ஆள் வந்துட்டேதான் இருக்காங்க" என்று அப்பா சொல்லிக்கொண்டே சாப்பிட உட்காருவார். நான் சின்னவளாக இருந்தபோது மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தார்கள். அப்புறம் ஒடிசா, பீகார், ஜார்கண்ட். லூயிஸ் வரைந்த கோடு ரயில் ஏறி ஏறி இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் இருபது வருடமாகப் பேசிக்கொண்டிருந்த ஒன்றை ஒரே கோட்டில் பார்த்தேன். கோட்பாடு என்ற வார்த்தைக்கு எனக்கு மதிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

ஆனால் அந்தக் கோட்டில் என் அம்மாவுக்கு இடமில்லை. அம்மா அதே தொழிலில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்து, தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் வரை வந்து, தம்பி பிறந்ததும் வேலையை விட்டவர். அவர் உபரியும் இல்லை, தொழிலாளியும் இல்லை. வீட்டு வருமானம் கூடும்போது பெண்கள் வேலையிலிருந்து விலகுவதும், படிப்பும் அலுவலக வேலையும் பெருகும்போது திரும்பி வருவதும் பற்றி அமெரிக்கப் பொருளியலாளர் கிளாடியா கோல்டின் எழுதியதை அடுத்த பருவத்தில் படித்தேன். அவருக்கு 2023இல் நோபல் பரிசு கிடைத்தது. அம்மாவுக்கு அதில் பாதி பொருந்துகிறது. மீதிப் பாதிக்கு விடை தேடித்தான் இன்றும் பெண்களிடம் வேலை பற்றிய கேள்விகளை மட்டும் நானே நேரில் போய்க் கேட்கிறேன்.

இந்த ஏழு வருடத்தில் எனக்கு அதிகம் பயன்பட்டது எது என்று கேட்டால், ஒரு எண் எப்படிப் பிறக்கிறது என்று சொல்லிக்கொடுத்த பாடம். படிக்கும்போது அதை எல்லோரும் கொஞ்சம் சலிப்பாகத்தான் பார்த்தோம். ஒரு உதாரணம், நாடு முழுக்கச் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து அரசு நடத்தும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 55ஆவது சுற்று, 1999-2000. அதுவரை உணவுச் செலவைக் கடந்த 30 நாளுக்குக் கேட்டுவந்தவர்கள், அந்தச் சுற்றில் 7 நாள், 30 நாள் இரண்டையும் ஒரே வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் கேட்டார்கள். ஒரு பதில் இன்னொன்றைப் பாதித்துவிட்டது. இந்தியாவில் வறுமை எவ்வளவு குறைந்தது என்ற கேள்விக்கே விடை ஆட்டம் கண்டது. பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் உட்படப் பலர் பல வருடம் உட்கார்ந்து அதைச் சரிசெய்ய முயன்றார்கள். ஒரு நாட்டின் ஏழைகளின் எண்ணிக்கை, கேள்வித்தாளில் எத்தனை நாள் என்று போடுகிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது என்றால் எவ்வளவு பெரிய விஷயம்! அதன் கனம் எனக்கு வகுப்பில் உறைக்கவில்லை, அரூர் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில்தான் உறைத்தது.

2019ஆம் வருடம். கேள்வித்தாளில் இருந்தபடியே, "கடந்த 30 நாளில் எவ்வளவு சமையல் எண்ணெய் வாங்கினீங்க?" என்று கேட்டேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "மாசத்துக்கு வாங்கினாத்தானம்மா மாசக் கணக்கு சொல்ல?" என்றார். உள்ளே போய், தாளிக்கும் டப்பாவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன பாக்கெட்டை எடுத்துவந்து காட்டினார். வாயை மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. கூலி வந்தால் அன்றைக்கு ஒன்று. வராவிட்டால் இருப்பதையே இரண்டு நாளுக்கு இழுப்பது. என்னுடைய டேப்லெட்டில் லிட்டர் கணக்கு போடத்தான் கட்டம் இருந்தது. முன்பு போன வீடுகளில் எல்லாம் "ரெண்டு லிட்டர்" என்று பதில் வந்திருந்ததே, அதில் எத்தனை பேர் என் மனம் நோகக்கூடாது என்று சொன்னார்களோ என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

2022-23 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் எண்ணெய், காய்கறி, மீன், முட்டை போன்றவற்றை 7 நாளுக்கும், அரிசி, பருப்பு போன்றவற்றை 30 நாளுக்கும் கேட்டிருக்கிறார்கள். ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போனார்கள். தலைக்கு மாதச் செலவு சராசரியாகக் கிராமத்தில் 3,773 ரூபாய், நகரத்தில் 6,459 ரூபாய் என்று வந்தது. இதை 2011-12 எண்ணோடு அப்படியே ஒப்பிட்டு டிவியில் பேசுவதைக் கேட்கும்போது, கேட்ட விதமே மாறியிருக்கிறதே என்று மனம் முதலில் அங்கேதான் போகிறது. அந்தப் பழக்கம் இந்தப் படிப்பு தந்தது. வேறெங்கும் எனக்குக் கிடைத்திருக்காது.

அடுத்தது, "இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?" என்ற கேள்வி. கேட்கச் சுலபமாக இருக்கும், வேலையில் இதற்காகத்தான் அதிகம் சண்டை போட்டிருக்கிறேன். முதலில் சேர்ந்த இடத்தில் பெண்கள் குழுக்களுக்கு ஆடு வாங்கக் கடன் கொடுத்திருந்தார்கள். கடனுக்கு முன் வருமானம், பின் வருமானம், வித்தியாசம் இவ்வளவு என்று அறிக்கை கேட்டார்கள். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்திருந்தது, ஆட்டு விலையும் ஏறியிருந்தது. கடன் வாங்காத பக்கத்து ஊரிலும் வருமானம் கூடியிருக்குமே, அங்கேயும் ஐம்பது வீடு பார்க்கலாம் என்றேன். நேரமில்லை என்றார்கள். அறிக்கை அப்படியே போனது. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. ஆடு கொடுத்தது வீண் என்று நான் நினைக்கவில்லை. பலன் உண்மையிலேயே இருந்திருந்தால் அதைச் சரியாகக் காட்டி இன்னும் நூறு ஊருக்குக் கொண்டுபோயிருக்கலாம்.

சரியாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் நம்மூரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்காக அரைநாள் ஊழியர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கானிமியன், முரளிதரன், வால்டர்ஸ் மூவரும் செய்த ஆய்வு. பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கும் நேரம் இரட்டிப்பானது, கணக்கிலும் மொழியிலும் முன்னேறினார்கள். ஏற்கெனவே இருந்த ஊழியருக்குச் சத்துணவையும் உடல்நலத்தையும் பார்க்க நேரம் கிடைத்ததால் வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது. எடை போட்டு, பதிவேடு எழுதி, வீடு வீடாகப் போய், நடுவில் பாட்டும் சொல்லிக்கொடுக்கும் ஒற்றை அங்கன்வாடி அக்காவைப் பார்த்த யாருக்கும் இது ஆச்சரியம் தராது. ஆனால் பார்த்ததை எண்ணாக்கிக் காட்டினால்தான் நிதித் துறையில் பேச முடியும்.

அந்த நிதித் துறையில் எப்படிப் பேசுவது என்பது படிப்பில் வரவே இல்லை. பெயரில் கொள்கை என்ற வார்த்தை இருக்கிறது. ஒரு நல்ல முடிவு எந்த மேசையில் கோப்பாகத் தொடங்கி, எங்கே குறிப்பு எழுதப்பட்டு, எந்த மாதத்துக்குள் போனால் பட்ஜெட்டில் ஏறும் என்பதை நான் ஒரு மாவட்ட அலுவலகக் கண்காணிப்பாளரிடம் டீ குடித்துக் கற்றுக்கொண்டேன். மாநிலத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் அங்கன்வாடிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊழியர் என்றால் நியமனம், இட ஒதுக்கீடு, ஓய்வூதியக் கோரிக்கை எல்லாம் சேர்ந்து வரும். நான் பார்த்த, நண்பர்கள் சொன்ன எந்த வளர்ச்சிப் பொருளியல் பாடத்திட்டத்திலும் இதற்குப் போதுமான இடம் இல்லை. இது பெரிய குறை என்றுதான் சொல்வேன்.

கணக்கு பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். வகை நுண்கணிதம், புள்ளியியல், கொஞ்சம் அணிக்கோவை தெரிந்தால் சமாளிக்கலாம். தெரியாமல் போனால் முதல் பருவம் முழுக்க அதிலேயே போய்விடும். மென்பொருள் விஷயம் ஒன்று: வகுப்பில் பெரும்பாலும் ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருள். படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழக உரிமமும் முடிந்துவிடும், சொந்தமாக வாங்க விலை அதிகம். அதே வேலையைச் செய்யும் ஆர் (R) இலவசம். படிக்கும்போதே ஆய்வேட்டை ஆரில் செய்துவிடுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். நான் வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கல்விக் கடன் வாங்கினேன். சம்பளத்தில் பெரும் பங்கு பல வருடம் தவணைக்கே போனது. தம்பியின் படிப்பு அதனால் ஒரு வருடம் தள்ளிப்போனது. எனக்குத் திரும்ப ஒரு வாய்ப்பு கிடைத்தால் உதவித்தொகை இல்லாமல் போக மாட்டேன். பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள். பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கு ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. இந்தியாவிலேயே திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையம், மும்பையில் இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கின்றன. அங்கே படித்தவர்களோடு வேலை செய்திருக்கிறேன், யாரும் என்னைவிடக் குறைவாகக் கற்றுவரவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்தும் வளர்ச்சிக் கொள்கைப் பாடங்களைச் சான்றிதழ் இல்லாமல் இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் வருமானத்துக்கு ஏற்ற கட்டணம். இந்தப் படிப்பு நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள அதில் ஒரு பாடம் போதும்.

கல்லூரி முடித்த கையோடு போகாதீர்கள் என்பதை மட்டும் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நான் அப்படித்தான் போனேன். பனியன் கம்பெனி வீட்டில் பிறந்ததால் லூயிஸ் எனக்குப் புரிந்தார். எண்ணெய் பாக்கெட்டை முன்பே பார்த்திருந்தால் அந்த 55ஆவது சுற்று வகுப்பில் நான் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் எத்தனையோ. என்னோடு படித்த ஒரு உகாண்டா நண்பர் ஆறு வருடம் மாவட்ட சுகாதாரத் துறையில் இருந்துவிட்டு வந்தவர். ஒரே வகுப்பில் உட்கார்ந்து அவர் என்னைவிட இரண்டு மடங்கு எடுத்துக்கொண்டு போனார்.

போன ஜூனில் பொள்ளாச்சியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பொருளியல் பி.ஏ., நல்ல மதிப்பெண், எந்த நாட்டுக்குப் போகலாம் என்று கேட்டாள். இரண்டு மாதம் எங்கள் குழுவோடு கணக்கெடுப்புக்கு வா, அப்புறம் பேசலாம் என்றேன். வந்தாள். இரண்டாவது வாரம், உணவுச் செலவுப் பகுதிக்கு முன்னால் அவளாகவே ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்பதைப் பார்த்தேன்: "நேத்து ராத்திரி என்ன சமைச்சீங்க அக்கா?" அதிலிருந்து தொடங்கி, எண்ணெய் எங்கே வாங்கினார்கள், எப்போது வாங்கினார்கள் என்று பின்னோக்கிப் போனாள். இப்போது எங்கள் கேள்வித்தாளில் அதை முதல் கேள்வியாகவே வைத்துவிட்டோம். அடுத்த வருடம் விண்ணப்பிக்கிறாள். அதற்குள் நுண்கணிதத்தை முடித்துவிட வேண்டும் என்று ஞாயிறு தோறும் என்னிடம் வருகிறாள்.