காந்தம் வைத்த தண்ணீர் மூலக்கூறு: 38 வெள்ளிக்குத் தகுமா?

சிங்கப்பூர் ஈசூனில் என் வீட்டு வரவேற்பறையில்தான் வேதியியல் துணைப்பாட வகுப்பு நடத்துகிறேன். தொடக்கக் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் வருவார்கள். தண்ணீரின் முனைவுத்தன்மை (மூலக்கூறின் ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர்மின்) என்றால் கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். "அப்போ தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) கிளாஸில் ஐஸ் ஏன் மிதக்குது?" என்று கேட்டால் மேசையைப் பார்ப்பார்கள். அதற்காகவே காந்தம் வைத்த மூலக்கூறு மாதிரிகள் அடங்கிய இந்தப் பெட்டியை இணையத்தில் வாங்கினேன்.

உள்ளே ஆறு தண்ணீர் மூலக்கூறுகள், ஒரு சோடியம், ஒரு குளோரைடு, ஒரு ஈத்தேன். ஆக்சிஜன் சிவப்பு, ஹைட்ரஜன் வெள்ளை, தோலுக்குள் காந்தம். ஆக்சிஜனில் இரண்டு ஹைட்ரஜன்களும் சேரும் கோணத்தைக் கோணமானி வைத்துப் பார்த்தேன், ஏறக்குறைய 105 டிகிரி. உண்மையில் 104.5. குச்சியும் உருண்டையுமாக வரும் வழக்கமான செட்டில் ஆக்சிஜனின் துளைகள் 109.5 டிகிரியில் இருக்கும். அந்த வகையில் இது மேல்.

பெட்டியின் உயிர் காந்தத்தில்தான் இருக்கிறது. ஹைட்ரஜனை இன்னொரு ஹைட்ரஜன் பக்கம் கொண்டுபோனால் தள்ளிவிடுகிறது, ஆக்சிஜன் பக்கம் போனால் டக்கென்று ஒட்டுகிறது. சோடியத்தைச் சுற்றி ஆக்சிஜன்கள் முகம் காட்டுகின்றன. குளோரைடு என்றால் ஹைட்ரஜன்கள் திரும்பிக்கொள்கின்றன. உப்பு கரைவதை இதைவிடத் தெளிவாக நான் கரும்பலகையில் வரைந்ததில்லை. முனைவு இல்லாததால் ஈத்தேனை யாரும் சீண்டுவதில்லை, பாவம்.

ஆறு மூலக்கூறுகளையும் வளையமாகக் கோத்தால் நடுவில் பெரிய ஓட்டை விழும். பனிக்கட்டிக்குள் இருப்பது இந்த வெற்றிடம்தான். அதனால்தான் அதன் அடர்த்தி தண்ணீரைவிட 8 விழுக்காட்டுக்கும் மேல் குறைவு. வளையத்தை உதறிவிட்டுக் குவித்துப் பாருங்கள், இடம் சட்டென்று சுருங்கும். இதைப் பார்த்ததும் ஒரு பையன், "ஓ, தண்ணீர் 4 டிகிரியில்தான் ரொம்ப அடர்த்தினு சொல்வீங்களே, அதான் கதையா டீச்சர்?" என்றான். 38 வெள்ளி அந்த இடத்திலேயே வசூல்.

குறையும் இருக்கிறது. ஆக்சிஜனின் தனி இணை எலக்ட்ரான்கள் (பிணைப்பில் சேராத இரண்டு ஜோடிகள்) கண்ணுக்குத் தெரிவதில்லை. தண்ணீர் ஏன் வளைகிறது, கார்பன் டை ஆக்சைடு ஏன் நேராக நிற்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு இந்தப் பெட்டியிடம் பதில் இல்லை. அந்த ஜோடிகளுக்குப் பதிலாக நான் களிமண்ணில் இரண்டு காது செய்து ஒட்டிக் காட்டுகிறேன். அப்புறம், காந்தம் ஒட்டினால் ஒட்டியதுதான்; நிஜத் தண்ணீரில் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று சேர்க்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவு நேரத்துக்குள் அறுந்து அறுந்து புதிதாகச் சேரும். அதை வாயால்தான் சொல்ல வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பனிக்கட்டிக் கூட்டை முழுசாகக் கட்ட ஆறு போதாது, குறைந்தது பன்னிரண்டு வேண்டும், அதாவது இரண்டு பெட்டி. ஒரே பிள்ளைக்கு அது வீண் செலவு, நண்பர்களோடு பங்கு போட்டு வாங்குங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் வாங்கவே வேண்டாம். எனக்கு வந்ததில் ஒரு ஹைட்ரஜனின் காந்தம் கழன்று கையோடு வந்துவிட்டது. இரண்டு காந்தங்களை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலையே ஓட்டையாக்கிவிடும். விற்றவர்கள் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை.